கப்பல் சுற்றுலா எப்போது தொடங்கும்? தேதியை நம்பிப் பணம் கட்டுவதில் நடக்கும் தவறுகள்

2020 மே மாதம் கார்னிவல் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மயாமி, போர்ட் கனாவெரல், கால்வெஸ்டன் ஆகிய மூன்று அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் 8 கப்பல்கள் மறுபடி ஓடும் என்றது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்களுக்கு அது பெரிய நல்ல செய்தி. புக்கிங் மளமளவென்று ஏறியது. ஆகஸ்ட் வந்தது, கப்பல் கிளம்பவில்லை. தேதி தள்ளிப்போனது, பிறகு மறுபடியும் தள்ளிப்போனது. கடைசியில் அந்த நிறுவனத்தின் கார்னிவல் விஸ்டா கப்பல் பயணிகளோடு கால்வெஸ்டனை விட்டுப் புறப்பட்டது 2021 ஜூலை 3 அன்று. சொன்ன நாளுக்கும் கிளம்பிய நாளுக்கும் நடுவே பதினோரு மாதம்.

நிறுவனம் வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேதியை முடிவு செய்யும் அதிகாரம் அதன் கையில் மட்டும் இல்லை. ஒரு சொகுசுக் கப்பல் கிளம்ப வேண்டுமானால் புறப்படும் நாட்டின் அரசு ஒத்துக்கொள்ள வேண்டும், வழியில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகமும் ஒத்துக்கொள்ள வேண்டும், கப்பலில் வேலை பார்க்கும் நூற்றுக்கணக்கானோர் நோயில்லாமல் வந்து சேர வேண்டும். கொரோனா காலத்தில் மக்கள் பணத்தை இழந்த பெரும்பாலான இடங்களில், இவற்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது. இன்னொரு தொற்று வந்தாலும் இதே தவறுகள்தான் திரும்ப நடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தடை முடியும் நாள் வேறு, கப்பல் கிளம்பும் நாள் வேறு

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச் 14 அன்று கப்பல் பயணத்துக்குத் தடை போட்டது. அதை ஏப்ரலில் நீட்டித்தது. ஜூலையில் செப்டம்பர் 30 வரை என்றது, அப்புறம் அக்டோபர் 31 வரை என்றது. ஒவ்வொரு முறையும் "இந்தத் தேதியோடு முடிகிறது" என்று நம்பி, அதற்கு அடுத்த வாரத்துக்கே டிக்கெட் போட்டவர்கள் உண்டு.

அக்டோபர் 30 அன்று தடைக்குப் பதிலாக நிபந்தனை ஆணை ஒன்று வந்தது. பல செய்திகளில் தலைப்பு "தடை நீங்கியது" என்றுதான் இருந்தது. உள்ளே படித்தால்தான் நிலைமை புரியும். கப்பலிலேயே கொரோனா பரிசோதனைக் கூடம் வேண்டும். நோய் பரவினால் பயணிகளை எங்கே சேர்ப்பது, எங்கே தங்க வைப்பது என்று துறைமுகத்தோடும் உள்ளூர் மருத்துவமனைகளோடும் ஒப்பந்தம் போட வேண்டும். தன்னார்வலர்களை ஏற்றிக்கொண்டு ஒத்திகைப் பயணம் போக வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகே சான்றிதழ். ஊழியர்களில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் தடுப்பூசி போட்டவர்கள் என்றால் ஒத்திகை வேண்டாம் என்ற சலுகை 2021 ஏப்ரல் இறுதியில்தான் வந்தது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து டிக்கெட் வாங்கிய பயணிகளோடு முதல் பெரிய கப்பல், செலிப்ரிட்டி எட்ஜ், ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கிளம்பியது 2021 ஜூன் 26. "தடை நீங்கிய" நாளிலிருந்து கிட்டத்தட்ட எட்டு மாதம்.

அதனால் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அரசாணை எப்போது முடிகிறது என்பதோடு, அதற்குப் பிறகு கப்பல் என்னென்ன செய்து காட்ட வேண்டும், அந்த வேலை தொடங்கிவிட்டதா என்பதையும் பாருங்கள். ஒத்திகைப் பயணத்துக்கே தேதி குறிக்காத கப்பலில் அடுத்த மாதத்துக்கு இடம் விற்கிறார்கள் என்றால், அது வெறும் நம்பிக்கையில் நடக்கும் விற்பனை.

அங்கே ஓடுகிறதே, இங்கே ஓடாதா?

2020 ஜூலையிலேயே ஜெர்மனியில் சில கப்பல்கள் கிளம்பின. ஆகஸ்ட் 16 அன்று எம்எஸ்சி கிராண்டியோசா இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து புறப்பட்டது. நவம்பரில் சிங்கப்பூரில் வேர்ல்ட் ட்ரீம் ஓடத் தொடங்கியது. இதையெல்லாம் பார்த்து ஆஸ்திரேலியாவிலும் சீக்கிரம் தொடங்கிவிடும் என்று எண்ணியவர்கள் 2022 ஏப்ரல் 17 வரை காத்திருக்க நேர்ந்தது. காரணம் ரூபி பிரின்சஸ். 2020 மார்ச் 19 அன்று சிட்னியில் அந்தக் கப்பலிலிருந்து சுமார் 2,650 பயணிகள் சோதனை முடிவு வரும் முன்பே கரையிறங்கி ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் கப்பலோடு தொடர்புடைய மரணங்கள் 28. விசாரணைக் கமிஷன் வரை போன விஷயம் அது. அப்படி ஓர் அடி வாங்கிய நாடு அவசரப்பட்டுக் கதவைத் திறக்காது. எந்த நாட்டுக்குப் போகிறோமோ, அங்கே கப்பல் மூலம் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் அந்த நாடு எவ்வளவு தயங்கும் என்பதை ஓரளவு கணிக்கலாம்.

வழியில் உள்ள நாடும் பயணத்தைக் கெடுக்கும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல் அமெரிக்காவில் கிளம்பி அமெரிக்காவுக்குள்ளேயே சுற்றுவதுபோலத் தெரியும். ஆனால் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: வெளிநாட்டுக் கொடியோடு, அதாவது வெளிநாட்டில் பதிவாகி ஓடும் கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். வழியில் இருக்கும் கனடா தன் துறைமுகங்களை மூடியதும் அலாஸ்கா பயணமே முடங்கிப்போனது. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாகத் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் அந்த ஆண்டு வழி பிறந்தது.

துறைமுகம் மறுப்பதற்கு நோய்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா கப்பலுக்குப் புதுச்சேரி அனுமதி தரவில்லை. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பது அங்கே எதிர்ப்பைக் கிளப்பியது. புதுச்சேரியை எதிர்பார்த்து ஏறியவர்கள் அதைப் பார்க்காமலே சென்னை திரும்பினார்கள்.

சிங்கப்பூரில் சீக்கிரம் தொடங்க முடிந்ததற்கு என்ன காரணம் என்று பார்த்தால் ஒரு சூத்திரம் கிடைக்கும். அங்கே விட்டது "எங்கும் போகாத" பயணம். மெரினா பே முனையத்தில் ஏறி, கடலில் சுற்றி, அங்கேயே இறங்குவது. பாதி இடங்களுக்கு மட்டுமே ஆள். வேறு எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை. எத்தனை நாடுகளைத் தொடுகிறதோ அத்தனை அனுமதி வேண்டும் என்பதால் குறைவான துறைமுகங்கள் உள்ள பயணமே முதலில் திரும்பி வரும். ஐந்து நாடுகளைச் சுற்றும் பயணத்துக்கு நிச்சயமற்ற காலத்தில் முன்பணம் கட்டுவது தேவையில்லாத ஆபத்து.

பணத்தில் செய்யும் தவறுகள்

முதல் தவறு, பொறுமை இழந்து நாமே ரத்து செய்வது. கப்பல் நிறுவனம் பயணத்தை ரத்து செய்தால் பொதுவாக முழுப் பணமும் கிடைக்கும். நாம் ரத்து செய்தால் அபராதம் போக மிச்சம்தான் கிடைக்கும், பயண நாள் நெருங்க நெருங்க அந்த அபராதம் ஏறும். "எப்படியும் போகாது, இப்போதே எடுத்துவிடலாம்" என்று நினைத்து ரத்து செய்தவர்கள் பலர். இரண்டு வாரம் கழித்து நிறுவனமே அந்தப் பயணத்தை ரத்து செய்து, காத்திருந்தவர்களுக்கு முழுத் தொகையும் போனது. பயணம் நடக்காது என்று நன்றாகத் தெரிந்தால், காத்திருப்பதே லாபம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. முழுத் தொகையையும் கட்ட வேண்டிய கெடு, பல நிறுவனங்களில் பயணத்துக்கு 90 நாள் முன்பே வந்துவிடும். நிறுவனமோ அதற்குப் பிறகுதான் ரத்து அறிவிக்கும். கெடு நெருங்கும்போது கையில் முன்பணம் மட்டுமே சிக்கியிருக்கிறது. கெடு தாண்டினால் மொத்தப் பணமும் சிக்கிவிடும். அந்த வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தைக் கட்டாதீர்கள். அடுத்த ஆண்டின் அதே பயணத்துக்கு அதே விலையில் மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். கொரோனா காலத்தில் பல நிறுவனங்கள் மாற்றித் தந்தன, ஆனால் கேட்டவர்களுக்கு மட்டும்.

அடுத்தது கிரெடிட். ரத்தான பயணத்துக்கு முழுப் பணம் வேண்டுமா, அல்லது அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள 125 சதவீத மதிப்புள்ள கிரெடிட் வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு லட்சம் கட்டியிருந்தால் ஒன்றேகால் லட்சம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கிரெடிட் என்பது நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன். மாதக்கணக்கில் ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லாமல் நிற்கும் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன். அது மூடிவிட்டால், பணம் வர வேண்டியவர்களின் நீண்ட வரிசையில் நீங்கள் கடைசிப் பக்கத்தில்தான் நிற்பீர்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. மும்பையிலிருந்து 2019 ஏப்ரலில் தொடங்கிய ஜலேஷ் என்ற கப்பல் சுற்றுலா நிறுவனம் 2020 அக்டோபரில் மூடப்பட்டது. அதன் கர்ணிகா கப்பல் குஜராத்தின் அலங்கில் உடைக்கப்பட்டது. பிரிட்டனின் குரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ் 2020 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குப் போனது. சிங்கப்பூரில் முதலில் ஓடத் தொடங்கிய அதே வேர்ல்ட் ட்ரீம் கப்பலும் தப்பவில்லை. அதன் தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு மனு போட்டது, மார்ச்சில் கப்பல் நின்றுபோனது. முழுப் பணம் கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் அதை வாங்கிவிடுங்கள். கிரெடிட்தான் கிடைக்கும் என்றால் அது எந்தத் தேதி வரை செல்லும், வேறு பெயருக்கு மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் இன்னொன்று. ஏஜென்டின் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டு அவர் கையால் எழுதித் தந்த ரசீதோடு திருப்திப்படுவது. அந்தப் பணம் கப்பல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? கப்பல் நிறுவனத்தின் புக்கிங் எண்ணை வாங்கி, அதன் இணையதளத்தில் போட்டு, உங்கள் பெயரும் கட்டிய தொகையும் வருகிறதா என்று பாருங்கள். எண் தர இழுத்தடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதே இடத்தில் சட்டம் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரீஃபண்ட் பற்றிச் சொன்ன தீர்ப்பு விமான டிக்கெட்டுகளுக்கானது. அதைக் காட்டிக் கப்பல் பணத்தைக் கேட்க முடியாது. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிவு செய்யலாம்.

விமான டிக்கெட்டைத் தனியாக, பணம் திரும்பாத மலிவு விலையில் போடுவது, தொற்று பரவிய பிறகு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு அந்தத் தொற்றால் ஆகும் ரத்துக்கு ஈடு கேட்பது, இரண்டுமே நஷ்டத்தில்தான் முடியும். அரசு "போகாதீர்கள்" என்று அறிவுறுத்தியிருக்கும்போது போனால் பல பாலிசிகள் செல்லாது. பிரிட்டன் அரசு 2020 ஜூலை 9 அன்று கப்பல் பயணத்துக்கு எதிராக அப்படி அறிவுறுத்தியது.

ஓடத் தொடங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்ததா?

முதலில் தொடங்கிய கப்பல்களில் ஒன்று நார்வேயின் ரோல் அமுன்சென். 2020 ஜூலையில் ஓடியது. பயணிகள் இறங்கி வீட்டுக்குப் போன பிறகு நார்வேயின் ட்ரோம்சோ துறைமுகத்தில் கப்பல் நின்றபோது நோய் தெரியவந்தது. ஆகஸ்ட் 3 அன்று நிறுவனம் இத்தகைய பயணங்களை மொத்தமாக நிறுத்தியது. அடுத்த மாதத்துக்குப் புக் செய்திருந்தவர்கள் பழையபடி காத்திருப்புக்குத் திரும்பினார்கள்.

நோய் இல்லாமலே பயணம் கெடவும் கூடும். 2020 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தது. கப்பல் உடனே திரும்பியது. 1,680 பயணிகளும் அறைக்குள் இருக்க வேண்டியதாயிற்று. மறுபரிசோதனையில் அவருக்கு நோயே இல்லை என்று தெரிந்தது. 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா போன கார்டிலியாவில் சுமார் 2,000 பேரில் 66 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது, அது நிஜம்.

பணம் கட்டும் முன் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிடுங்கள்: ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் எங்களை எங்கே இறக்குவீர்கள், தங்கும் செலவும் ஊர் திரும்பும் செலவும் யாருடையது? கரையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் முக்கியம். 2020 ஆகஸ்டில் கிராண்டியோசாவில் போன ஒரு குடும்பம், கரையில் குழுவோடு சுற்றாமல் தனியாகப் பிரிந்து போனது. திரும்பி வந்தபோது அவர்களைக் கப்பலில் ஏற்றவில்லை. கடுமையாகத் தெரிந்தாலும், மற்ற பயணிகளைக் காப்பாற்ற அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஊழியர்களை மறந்துவிடுவது

காத்திருக்கும் பயணிகள் அநேகமாக நினைத்தே பார்க்காதது இதுதான். ஒடிசி ஆஃப் தி சீஸ் கப்பல் 2021 ஜூலை 3 அன்று ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கிளம்புவதாக இருந்தது. 8 ஊழியர்களுக்குப் பாசிட்டிவ் வந்ததால் ஜூலை 31-க்குத் தள்ளிப்போனது. அனுமதியெல்லாம் கிடைத்தாலும் ஊழியர்கள் தயாராக இல்லையென்றால் கப்பல் நகராது.

இவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று வந்தது. இந்திய ஊழியர்கள் 132 பேர், அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பயணிகள் அறைக்குள் பூட்டப்பட்டிருந்தபோது மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள்தான், தங்களுக்கோ பகிர்ந்துகொள்ளும் சிறிய அறை.

வேலை இழந்து ஊரில் உட்கார்ந்திருக்கும் இவர்களையும் "கப்பல் தொடங்கப் போகிறது" என்ற செய்தி குறிவைக்கிறது. "அடுத்த மாதம் ஏறலாம், இடம் பிடித்துவைக்க இவ்வளவு கட்டுங்கள்" என்று வரும் ஏஜென்டுகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்தியாவில் ஆர்பிஎஸ்எல் (கடலோடிகளை வேலைக்குச் சேர்ப்பதற்கான அரசு உரிமம்) வைத்திருக்க வேண்டும், வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் ஏற வேண்டும், சம்பளம் என்ன என்று ஒப்பந்தம் எழுத்தில் கைக்கு வரும்வரை ஊரில் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை விடாதீர்கள்.