தூங்கி எழுந்தால் பேட்டரி 100: சரிசெய்தது இப்படி

லினக்ஸ் மடிக்கணினியில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்க வரம்பு வைத்தும், மூடிவைத்துத் திறந்தால் பேட்டரி 100. தூக்கத்தில் (சஸ்பெண்ட்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஓடாது. அப்போது சார்ஜைக் கவனிப்பது போர்டிலுள்ள எம்பெடட் கண்ட்ரோலர் என்ற சிறு சிப். கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், பவர் சப்ளை அடைவின் எண்ட் த்ரெஷோல்ட் (சார்ஜ் நிற்கும் அளவு) கோப்பைத் திறந்தால் விஷயம் புரிந்தது: பூட்டில் எழுதிய 80, முதல் விழிப்பிலேயே 100 ஆகிவிடுகிறது. அடுத்த தூக்கம் முழுக்க வரம்பே இல்லை.

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் சிறு ஸ்கிரிப்ட் போட்டேன்: அதற்கு வரும் முதல் ஆர்க்யுமெண்ட் 'போஸ்ட்' (அதாவது விழித்த பிறகு) என்றால் ஸ்டார்ட் த்ரெஷோல்ட் (சார்ஜ் தொடங்கும் அளவு) கோப்பில் 75, பிறகு எண்ட் கோப்பில் 80. வரிசை முக்கியம். ஸ்டார்ட் 95இல் நிற்கும்போது எண்டில் 80 எழுதினால் சில டிரைவர்கள் பிழை சொல்லி மறுத்துவிடும். ஸ்கிரிப்ட் கோப்பின் அனுமதி 755, எக்ஸிக்யூட் பிட் (இயக்கும் அனுமதி) இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. சோதிக்கும்போது பேட்டரி 70இல் இருக்கட்டும், இரண்டு முறை தூங்கவிடுங்கள்.