அமெரிக்கா–சீனா தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவுக்கு எதிராக அமெரிக்கா எதை அறிவித்தாலும் நம் செய்திகளில் அது பெரும்பாலும் ‘வர்த்தகப் போர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுகிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சுங்கவரி, உள்ளே வரும் பொருளின் விலையை உயர்த்துகிறது. ஏற்றுமதிக் கட்டுப்பாடோ, ஒரு பொருளோ அறிவோ நாட்டை விட்டு வெளியே போவதையே அரசின் அனுமதிக்கு உட்படுத்துகிறது. 2018 இல் சீனப் பொருள்கள் மீது விதிக்கப்பட்ட கூடுதல் வரிகள் 1974 ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் 301 ஆம் பிரிவின்கீழ் வந்தவை. உயர்திறன் கணினிச் சில்லுகளையும் (சிப்) அவற்றை உருவாக்கும் இயந்திரங்களையும் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு அடிப்படை, அதே ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்புச் செலவுச் சட்டத்தோடு சேர்ந்து நிறைவேறிய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சீர்திருத்தச் சட்டம். ஆகவே வரிகள் குறைந்தன என்ற செய்தியைப் படித்துவிட்டு, சில்லுகளும் தடையின்றிப் போகும் என்று முடிவு கட்டக் கூடாது.

‘தடை’ என்ற சொல்லையும் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். 2019 மே மாதம் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவே அமெரிக்க வணிகத் துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அதற்கு எதையும் விற்கவே முடியாது என்று பலர் எழுதினார்கள். சட்டம் சொன்னது, உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது என்பதே. விண்ணப்பங்களைப் பொதுவாக மறுப்பதே கொள்கையாக இருந்தும், நான்காம் தலைமுறைக் கைப்பேசிச் சில்லுகளை விற்க அமெரிக்கச் சில்லு நிறுவனமான குவால்காமுக்கு 2020 இல் உரிமம் கிடைத்தது. 2024 மே மாதம் அது திரும்பப் பெறப்பட்டது. கொடுக்கவும் பறிக்கவும் கூடிய இந்த உரிமத்தில்தான் சட்டத்தின் வலிமை இருக்கிறது. இந்தப் பட்டியல் சீனாவுக்காக உருவானதும் அன்று. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் இந்திய விண்வெளி, பாதுகாப்பு ஆய்வு அமைப்புகள் பலவும் இதில் இருந்தன. அவற்றில் சில 2011 ஜனவரி வரை காத்திருந்தே வெளிவந்தன.

அமெரிக்க மண்ணில் செய்யப்பட்ட பொருளுக்கு மட்டுமே இந்தச் சட்டம் பொருந்தும் என்று நினைப்பதை மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். வெளிநாட்டில், வெளிநாட்டு நிறுவனமே செய்த பொருளானாலும், அதைச் செய்ய அமெரிக்கத் தொழில்நுட்பமோ மென்பொருளோ இயந்திரமோ பயன்பட்டிருந்தால், குறிப்பிட்ட சூழல்களில் அதற்கும் அமெரிக்க உரிமம் தேவைப்படும். ஹுவாவேக்காக இந்த விதி 2020 மே மாதமும் ஆகஸ்டிலும் விரிவாக்கப்பட்டதன் விளைவாகத்தான், தைவானில் இயங்கும் சில்லு உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சி தன் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றான ஹுவாவேயை இழந்தது. விதியைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸீகேட் நிறுவனத்தின் வழக்கு போதும். கணினி வன்தட்டு செய்யும் மற்ற இரு பெரும் நிறுவனங்கள் ஹுவாவேக்கு விற்பதை நிறுத்திய பின்னும், இந்த விதி தன் பொருள்களுக்குப் பொருந்தாது என்று கருதி ஸீகேட் 74 லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை அனுப்பியது. 2023 ஏப்ரலில் அதற்கு 30 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதோடு, எதைக் கொண்டு செய்யப்பட்டது என்பதையும் கேட்காமல் இந்தச் சட்டத்தைப் படிக்கவே முடியாது.

தொழில்நுட்பப் பரிமாற்றம் என்றதும் கப்பலில் ஏறும் பெட்டியை மட்டும் நினைப்பதும் இதே வகைத் தவறுதான். அமெரிக்க ஆய்வகத்தில் பணிபுரியும் வெளிநாட்டவர் ஒருவருக்குக் கட்டுப்பாட்டுக்குள் உள்ள வரைபடத்தைக் காட்டுவதும், செய்முறையை வாயால் விளக்குவதும்கூட அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகவே சட்டத்தில் கொள்ளப்படும். எச்1பி விசாவுக்கான மனுவில், அந்தப் பணியாளருக்கு ஏற்றுமதி உரிமம் தேவையா என்று நிறுவனம் உறுதிமொழி அளிக்க வேண்டிய பகுதி ஒன்று 2011 முதல் இருந்துவருகிறது. அங்கே வேலைக்குச் செல்லும் நம் பொறியாளர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. அவர்கள் அவசியம் படிக்க வேண்டிய பகுதி இது. கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், ஆனால் வேறொன்று வந்து சேரும். சீனாவின் உயர்திறன் சில்லு உற்பத்திக்கு உரிமமின்றி உதவக் கூடாது என்று 2022 அக்டோபர் 7 அன்று வெளியான விதி, அமெரிக்கக் குடிமக்களோடு கிரீன் கார்டு பெற்று நிரந்தரமாக வசிப்பவர்களையும் கட்டுப்படுத்துகிறது.

விதியின் தேதியைப் பார்க்காமல் மேற்கோள் காட்டுவதும் தவிர்க்க வேண்டியது. 2022 விதி, சில்லின் கணக்கிடும் திறனோடு சில்லுகளுக்கு இடையே தரவு பாயும் வேகத்தையும் அளவுகோலாக வைத்தது. அந்த வேகத்தைக் குறைத்து அமெரிக்கச் சில்லு நிறுவனமான என்விடியா ஏ800, எச்800 என்ற சில்லுகளைச் சீனச் சந்தைக்கென்றே உருவாக்கியது. 2023 அக்டோபரில் அளவுகோல் மாற்றப்பட்டதும் அவையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அடுத்து வந்த எச்20 சில்லுக்கு 2025 ஏப்ரலில் உரிமம் கட்டாயமானது; உரிமம் வழங்க அரசு உறுதியளித்திருப்பதாக அதே ஆண்டு ஜூலையில் நிறுவனம் அறிவித்தது. ஓராண்டுக்கு முந்தைய கட்டுரையை நம்பி இன்றைய நிலையைச் சொல்பவர் பெரும்பாலும் தவறிவிடுவார்.

மசோதாவைச் சட்டமாக எழுதிவிடும் வழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சீன உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஐந்தின் பெயரைக் குறிப்பிட்டு, அமெரிக்க அரசின் பணம் அவற்றுக்குப் போவதைத் தடுக்க முனைந்த ஒரு மசோதா 2024 செப்டம்பரில் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. ஆனால் அந்த ஆண்டு அது சட்டமாகவில்லை. செனட் அவையின் ஒப்புதலும் அதிபரின் கையெழுத்தும் கிடைக்காத வரை ஒரு மசோதா யாரையும் கட்டுப்படுத்தாது.

இவை எல்லாவற்றையும் அமெரிக்காவின் பக்கமிருந்து மட்டும் பார்ப்பதும் முழுமையான படிப்பு அன்று. நெதர்லாந்தும் ஜப்பானும் சில்லு இயந்திரங்களுக்கு 2023 இல் தங்கள் சொந்த உரிம விதிகளைக் கொண்டுவந்தன. சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2020 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காலியம், ஜெர்மானியம் ஆகிய தனிமங்களுக்கு 2023 ஆகஸ்டிலும், ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்யப்படும் காந்தங்களுக்கும் 2025 ஏப்ரலிலும் அது உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இரு வல்லரசுகளின் மோதலில் எந்தப் பங்கும் இல்லாத இந்திய வாகனத் தொழிற்சாலைகள், இந்தக் காந்தங்களை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெய்ஜிங்கின் அனுமதிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 2025 அக்டோபரில் சீனா இன்னும் ஒரு படி மேலே சென்று, தன் அரிய மண் தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலும் வெளிநாட்டில் செய்யப்பட்ட பொருளுக்கும் தன் உரிமம் வேண்டும் என்று அறிவித்தது. அடுத்த மாதமே அந்த விதி ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஹுவாவேக்கு எதிராக வாஷிங்டன் 2020 இல் விரிவாக்கிய விதியும், பெய்ஜிங் இப்போது எழுதி வைத்திருக்கும் இந்த விதியும் ஒரே அச்சில் வார்த்தவை.