வேன்: தேய்வதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் தாள்களைத் திருத்தும்போது ஒரு சொல்லில் மட்டும் வருடா வருடம் அதே சறுக்கல். டபிள்யூ, ஏ, என், ஈ: வேன். ஆள் ஏற்றுகிற வேன் இல்லை. மெல்ல மெல்லக் குறைவதைச் சொல்லும் வினைச்சொல். அந்த வயதில் நானும் சறுக்கியவன்தான். எழுத்துப்பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன், அகராதியைத் திறந்தால் அவை சரியாகிவிடும்.

தேய்ந்தது, தேய்த்தது

தமிழில் 'தேய்' இரண்டு பக்கமும் போகும். செருப்பு தேய்ந்தது, பாத்திரத்தைத் தேய்த்தேன். வேன் அப்படியில்லை, தானாகத் தேய்வதற்கு மட்டும்தான். அரசு மானியத்தைக் குறைத்தது என்று எழுத இந்தச் சொல்லைப் போட்டால் தவறு. அங்கே ரெட்யூஸ், கட் போதும். செயப்பாட்டுவினையிலும் வராது.

தேய்ந்தால் தீர்ந்தது என்று நினைப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான்.

2021 கடைசியில் கொரோனா பூஸ்டர் பற்றிய வெளிநாட்டுச் செய்திகள் குவிந்தன. எதைத் திறந்தாலும் 'வேனிங் இம்யூனிட்டி' என்ற தொடர், அதாவது குறைந்துவரும் நோய் எதிர்ப்புத்திறன். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, 'தடுப்பூசியின் பாதுகாப்பு சில மாதங்களில் மறைந்துவிடும்' என்று எழுதிவிட்டார். அச்சுக்கும் போய்விட்டது. மறுநாள் தொலைபேசியில் ஒரு பெரியவர்: "அப்போ ரெண்டு ஊசி போட்டது வீணாப்பா?"

வீணில்லை. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்களின் அளவு மாதக்கணக்கில் இறங்கிவந்தது, அவ்வளவுதான். நோய் முற்றாமல் காக்கும் திறன் அதைவிட நீண்ட நாள் நின்றது. இந்தியாவில் 2022 ஜனவரி 10 அன்று தொடங்கிய முன்னெச்சரிக்கை டோஸும் இறங்கியதை மறுபடி ஏற்றத்தான். இதையெல்லாம் அந்தப் பெரியவருக்கு விளக்கலாம். அதே செய்தியைப் படித்துவிட்டு, இனி ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

இத்தனைக்கும் விடை நம் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்திலும் நிலாவைப் பற்றிப் பேசும்போது அதிகம் வருகிற சொல் இது. பௌர்ணமி கழிந்த பிரதமையிலிருந்து தேய்பிறை. அன்றைக்கு நிலாவைப் பார்த்தால் குறைந்ததே தெரியாது. அஷ்டமியிலும் பாதி மிச்சம் இருக்கும். அமாவாசை வரை ஏறத்தாழ 15 நாள், அத்தனை நாளும் அது வேன் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, ஒரு தலைவரின் செல்வாக்கு வேன் ஆகிறது என்றால், செல்வாக்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஒழிந்தது, மறைந்தது, சரிந்தது எல்லாம் வேண்டாம். குறைந்துவருகிறது, மங்கிவருகிறது, தளர்ந்துவருகிறது. அந்த 'வருகிறது'தான் இந்தச் சொல்லின் உயிர். இடம் போதவில்லை என்று தலைப்பில் வெட்டுகிறவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

ஒரே நாளில் விழுந்தால்

பங்குச்சந்தை காலையில் இருந்து மாலைக்குள் சரிந்தால் அது வேன் ஆகாது. ஃபெல் என்று போடுங்கள்.

தலைகளை எண்ணும் இடம்

ஆர்வம், செல்வாக்கு, வலிமை, வெளிச்சம் என்றால் வேன். கூட்டம் ஆயிரம் பேரிலிருந்து ஐம்பது பேராகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையானால் டிவிண்டில் பொருந்தும்.

வேன் ஆஃப்

கிடையாது. மருந்தின் வேகம் இறங்குவதற்கு வேர் ஆஃப்.

வாக்ஸ்

வேனுக்கு எதிர்ச்சொல், வளர்பிறைக்கு உரியது. மெழுகு என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு.

ஆன் தி வேன்

இங்கே அது பெயர்ச்சொல். இறங்குமுகத்தில் இருப்பதைச் சொல்வது. 'இன் தி வேன்' என்று எழுதினால், யாரோ வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் படிப்பார்கள்.