ஆப்பிரிக்கப் பயணத்துக்கு முன் தடுப்பூசி: ஈரோட்டில் எதைப் போடலாம், எதற்கு ரயில் ஏற வேண்டும்?

திருச்செங்கோட்டில் இருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வேலைக்கு உகாண்டாவுக்கும் கென்யாவுக்கும் போகிறவர்களும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்து எத்தியோப்பியாவுக்குப் போகிறவர்களும் விசா, டிக்கெட் தொடங்கி பெட்டியில் வைக்க வேண்டிய பருப்புப்பொடி வரை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் தடுப்பூசியைப் பற்றி விசாரிக்கிறார்கள். என் மச்சான் உகாண்டா கிளம்பியபோதும் அப்படித்தான் நடந்தது. அவரோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதை, முதன்முறையாகப் போகிறவர்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன். எந்த ஊசி யாருக்கு வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்; எங்கே போவது, எப்போது போவது, எதைக் கையில் கொண்டு போவது என்பதை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

முதல் படி: நாள் கணக்கு

விமானம் ஏறும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதில் இருந்து 6 வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாளில் வேலையைத் தொடங்கினால் அவசரம் இருக்காது. அதற்குள் வருகிற ஒரு கெடுவை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் (கொசுவால் பரவும் யெல்லோ ஃபீவர், மஞ்சள் காமாலை அல்ல) ஊசிக்கான சான்றிதழ் அட்டை, ஊசி போட்ட நாளில் இருந்து 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். மார்ச் 10ஆம் தேதி ஊசி போட்டால் மார்ச் 20ஆம் தேதி முதல்தான் அந்த அட்டைக்கு மதிப்பு. நாள் எண்ணத் தொடங்கும்போது மச்சானின் கையில் மிச்சம் இருந்தது 14 நாள். அதில் 4 நாள், முன்பதிவு கிடைப்பதற்கே போய்விட்டது.

இந்த ஊசி எல்லா வெப்பமண்டல நாட்டுக்கும் தேவையில்லை. இந்நோய் இருப்பது ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும்தான். இலங்கை, தாய்லாந்து, மலேசியா எனச் சுற்றுலா போகிறவர்கள் இங்கிருந்து நேராகப் போனால் இந்த அட்டையைக் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உள்ளூர் மருத்துவரிடம் ஒரு சீட்டு

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் மருந்துக் கடையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்த கதையைக் கேட்டுவிட்டு, மச்சான் நேராக எங்கள் தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "ஊசியும் நீங்களே போட்டுருவீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, டாக்டர் சீட்டு கொண்டு வந்தா மருந்து மட்டுந்தானுங்க" என்றார் கடைக்காரர். நம் ஊர் நடைமுறை அதுதான்: மருத்துவர் எழுதித் தருவார், கடையில் வாங்க வேண்டும், மருத்துவரிடமே திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் மருந்தும் ஊசியும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

மருத்துவரிடம் போகும்போது எந்த நாடு, நகரமா காட்டுப்பகுதியா, எத்தனை மாதம் என்பதோடு, சர்க்கரை, முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை என எதையும் விடாமல் சொல்லுங்கள். வழக்கமாகப் பேச்சில் வருபவை டைபாய்டு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஆகியவை. டைபாய்டு ஊசி ஒரு தவணை. கிளம்புவதற்கு 2 வாரமாவது முன்னதாகப் போட்டுவிடுவது நல்லது. ஹெபடைடிஸ் பி வழக்கமான முறையில் 0, 1, 6 மாதம் என 3 தவணை என்பதால், அதை விசா வந்த பிறகு நினைத்தால் முடியாது. ஹெபடைடிஸ் ஏ நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடுமாதலால், ஊசிக்குச் செலவழிக்கும் முன் கேட்டுப் பாருங்கள். நாய் அதிகமுள்ள, மருத்துவமனை எட்டாத இடத்தில் முகாம் போடும் ரிக் ஆட்கள் வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி பற்றியும் கேட்பது நல்லது.

மலேரியாவுக்கு இப்போது பயணிகளுக்கென்று போடும் ஊசி இல்லை, மாத்திரைதான். டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாம் படி: மஞ்சள் காய்ச்சல் ஊசி

மருத்துவர் சீட்டு எழுதித் தந்தாலும் இது எந்த மெடிக்கலிலும் கிடைக்காது. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, அங்கே தரும் அட்டைதான் விமான நிலையத்தில் செல்லும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம் ஆகியவை அத்தகைய மையங்கள். கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு கொச்சி வெலிங்டன் தீவில் உள்ள துறைமுகச் சுகாதார அலுவலகம் பக்கம். நாங்கள் ஈரோட்டில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்துக் கிண்டி போனோம். பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் தயாரிக்க 1899இல் தொடங்கப்பட்ட இடம் அது.

முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால்தான் மையங்கள் நாள் குறித்து, ஆள் சேர்த்துப் போடுகின்றன. அசல் பாஸ்போர்ட்டும் அதன் நகலும் கட்டாயம் வேண்டும். 9 மாதம் ஆகாத குழந்தைக்குப் போடமாட்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது) போன்ற, உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் இன்னொரு தடுப்பூசி வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் 4 வாரம் இடைவெளி விட வேண்டும்.

அட்டை கைக்கு வந்ததும் இடத்தை விட்டு நகராமல் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். மச்சானின் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. அங்கேயே சொன்னதால் திருத்தி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். ஈரோடு வந்த பிறகு பார்த்திருந்தால் இன்னொரு இரவு ரயில் ஏறியிருக்க வேண்டும். ஊசியே போடாமல் அட்டை வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜென்டுகளை அண்ட விடாதீர்கள்.

நான்காம் படி: கடையில் இருந்து கிளினிக் வரை

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மருத்துவர் கிளினிக்கில் இருக்கும் நேரத்தை முதலில் போனில் கேட்டுக்கொண்டு, அதற்கு அரை மணி முன்பு கடைக்குப் போங்கள். மருந்தைக் குளிர்பெட்டியில் இருந்து உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லி, காலாவதித் தேதியைப் பார்த்து, பில் வாங்குங்கள். ஐஸ் பேக் மருந்தின் மேல் நேராகப் படாதபடி நடுவில் காகிதம் சுற்றி, வாய் அகன்ற பிளாஸ்க்கில் வைத்துக் கொண்டு போகலாம். சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்துக் கொண்டு போவது மருந்தை வேக வைப்பதற்குச் சமம்.

வெயில் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. மச்சான் ஹெபடைடிஸ் ஏ மருந்தை முதல் நாள் மாலையே வாங்கி, "குளுகுளுன்னு இருக்கட்டும்" என்று ஃபிரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் கட்டும் அறைக்குள் வைத்துவிட்டார். மறுநாள் மருத்துவர் அதைக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பால் போலச் சீராகக் கலங்க வேண்டிய மருந்தில் மாவுத் துகள் போலத் திரிதிரியாக மிதந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இறங்கியது. "எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்றார். பதில் சொல்லும் முன்பே மருந்து குப்பைக்குப் போய்விட்டது. ஆயிரத்துச் சொச்ச ரூபாயும் அதோடு போனது. வீட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால் நடுத்தட்டில் வையுங்கள். கதவு ஓரத்திலும் வேண்டாம்.

ஐந்தாம் படி: போட்ட பிறகு

ஊசி போட்டதும் எழுந்து ஓடாமல் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காருங்கள். அரிதாக வரும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தெரியும். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும். மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தவணை போட வேண்டிய நாளில் நீங்கள் கம்பாலாவில் இருக்கலாம். அங்குள்ள மருத்துவர் கேட்பது அதைத்தான்.

மஞ்சள் அட்டையை லக்கேஜில் போடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். உகாண்டாவில் இறங்கும்போது மட்டுமல்ல, திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய டெங்குக் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. அதனால்தான் நோயுள்ள நாட்டில் இருந்து அட்டை இல்லாமல் வருகிறவர்களை, அங்கிருந்து கிளம்பி 6 நாள் முடியும்வரை தனிமையில் வைக்கும் விதி இருக்கிறது. 2016 ஜூலை 11 முதல் இந்த அட்டை ஆயுளுக்கும் செல்லும் என்பதால், 10 ஆண்டு கடந்துவிட்டது என்று பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மச்சான் அதை லேமினேஷன் செய்யப் புறப்பட்டார், தடுத்துவிட்டேன். பின்னால் ஏதாவது எழுதி முத்திரை வைக்க வேண்டி வந்தால் பிளாஸ்டிக்கின் மேல் முடியாது.