கிரியேட்டினின் முதல் லாக்டுலோஸ் வரை: சிறுநீரக, கல்லீரல் பாடத்தில் நர்சிங் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரியேட்டினின் 1.1 என்று ரிப்போர்ட் வந்தால், "நார்மல்" என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். அந்த 1.1 யாருடையது என்று பார்க்க வேண்டும். காட்பாடியில் தினமும் ஜிம்முக்குப் போகும் 25 வயதுப் பையனுக்கு 1.1 என்றால், 2021-ல் வந்த சி.கே.டி.-எபி சூத்திரப்படி ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் வடிகட்டும் அளவு) சுமார் 95. குடியாத்தத்தில் தறி நெய்து ஓய்ந்த 70 வயதுப் பாட்டிக்கு அதே 1.1 என்றால் சுமார் 54. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில் அதன் உற்பத்தியே குறைவு. அதனால் சிறுநீரகம் கிட்டத்தட்ட பாதி வேலையை விட்ட பிறகும் ரிப்போர்ட் நல்லபடியாகவே தெரியும்.

இந்தப் பாடத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நோய்க்கு இத்தனை அறிகுறி என்று மனப்பாடம் செய்கிறோம். எது முதலில் கெட்டது, அதனால் அடுத்து எது கெட்டது என்ற வரிசையைப் படிப்பதில்லை. தியரி பரீட்சையில் பட்டியலுக்கு மார்க் உண்டு. ஆனால் வேலூர் வார்டுகளில் அது போதாது. 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த ஊர் இது. ஆம்பூர், ஆரணியிலிருந்து மட்டுமல்ல, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிக்கலான கேஸ்கள் வருகின்றன. அவர்களுடைய உடம்பில் நம் பாடத்தின் நாலைந்து யூனிட்டும் ஒன்றாகக் கலந்துதான் இருக்கும்.

கிரியேட்டினினில் இன்னொரு விஷயம், நேரம். திடீர் சிறுநீரகப் பாதிப்பு இன்று காலை தொடங்கினால் கிரியேட்டினின் இன்றே ஏறாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உண்மையைக் காட்டும். எண் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது ஜி.எஃப்.ஆர். சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுவதும் தவறு. அது நிலையாக இருக்கும் எண்ணுக்கான சூத்திரம். அந்த இடைவெளியில் நமக்குத் துணை இன்டேக்-அவுட்புட் சார்ட்தான். ஒரு மணிக்கு, ஒரு கிலோ எடைக்கு அரை மில்லிக்குக் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் வந்தால் அதுவே ஏ.கே.ஐ. எனும் திடீர் சிறுநீரகப் பாதிப்புக்கு ஒரு அளவுகோல். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஆறு மணி நேரத்தில் 150 மில்லி கூட வரவில்லை என்றால், லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சார்ட்டில் "பாஸ்டு யூரின்" என்று மட்டும் எழுதி டிக் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். எவ்வளவு என்ற எண்தான் அங்கே மருந்து.

யூரியாவிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் பி.யு.என். என்ற கணக்கில் பேசும், அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிடும். நம் லேப்களில் பெரும்பாலும் வருவது ப்ளட் யூரியா. பி.யு.என்.-ஐ 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா. ரிப்போர்ட்டில் யூரியா 64 என்பது புத்தகக் கணக்கில் 30. "கிரியேட்டினினைவிட 20 மடங்குக்கு மேல் இருந்தால் ப்ரீரீனல்" (சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்ததால் வந்த பாதிப்பு) என்ற விதி பி.யு.என்.-க்கு உரியது. அதை அப்படியே யூரியாவுக்குப் போட்டால் பாதி வார்டு ப்ரீரீனல் ஆகிவிடும். அப்புறம், இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் யூரியா ஏறும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கூட.

வெயிலும் வலி ஊசியும்

மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் வேலை செய்பவர்கள் சிறுநீர் குறைந்து வருவார்கள். இங்கே நடப்பதை வரிசையாகப் பாருங்கள். உடம்பில் நீர் குறைகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கிளாமருலஸ் எனும் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைக்க ப்ராஸ்டாகிளாண்டின் என்ற உடம்பின் வேதிப்பொருள் போராடுகிறது. அந்த நேரத்தில் உடம்பு வலிக்கு என்று ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டால், அந்த ப்ராஸ்டாகிளாண்டினும் போச்சு. ஏற்கெனவே பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுபவர் என்றால், வெளியேறும் குழாயும் தளர்ந்திருக்கும்; வடிகட்ட அழுத்தமே இருக்காது.

இதில் மாணவர்கள் செய்யும் தவறு, ப்ரீரீனலையும் ஏ.டி.என்.-ஐயும் (டியூப்யூல் எனும் சிறுநீரக நுண்குழாயின் செல்கள் இறப்பது) இரண்டு தனி நோய்களாகப் படிப்பது. முதலாவது நீடித்தால் இரண்டாவது. ரத்த ஓட்டம் குறைந்த கட்டத்தில் டியூப்யூல் உயிரோடு இருக்கிறது, சோடியத்தை இறுகப் பிடித்து வைக்கிறது. சலைன் கொடுத்தால் சிறுநீர் வந்துவிடும். டியூப்யூல் செல்கள் இறந்துவிட்ட பிறகு அதே சலைன் நுரையீரலில் போய்த் தேங்கும். "நிறைய தண்ணி குடித்தால் கிட்னி சரியாகும்" என்பது முதல் கட்டத்துக்குச் சரி, இரண்டாம் கட்டத்தில் ஆபத்து.

சிறுநீர் நிறைய வந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்பதும் தவறுதான். சேற்று வயலில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடும் காமாலையோடும் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயாளிக்கு கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கும், சிறுநீரும் போய்க்கொண்டிருக்கும், பொட்டாசியம் குறைந்தும் இருக்கும். கிட்னி ஃபெயிலியர் என்றாலே பொட்டாசியம் கூடும் என்று படித்தவர் இங்கே குழம்பிப்போவார். எதிர்ப்புறமாக, கத்தீட்டர் போட்டவருக்குத் திடீரென ஒரு சொட்டும் வரவில்லை என்றால், முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

முகம் வீங்கிய குழந்தை

காலையில் முகம் வீங்கி ஒரு குழந்தை வந்தால் நெஃப்ரோடிக், நெஃப்ரிடிக் என்ற இரண்டு பெயர்களும் மாணவர்களுக்குச் சிக்கிக்கொள்ளும். வடிகட்டி எப்படிக் கெட்டது என்று கேட்டால் தெளிவாகிவிடும். நெஃப்ரோடிக்கில் புரதத்தைத் தடுக்கும் சல்லடை கெட்டிருக்கிறது. அல்புமின் ஒழுகுகிறது, சிறுநீர் நுரைக்கிறது, கல்லீரல் ஈடுகட்டப் புரதத்தோடு கொழுப்பையும் சேர்த்து உற்பத்தி செய்கிறது, அதனால் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. ரத்தம் உறையாமல் காக்கும் ஆன்டித்ராம்பினும் ஒழுகிவிடுவதால் ரத்தக்கட்டி வரும் அபாயம் கூடுகிறது. இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒரு கால் மட்டும் அதிகமாக வீங்கினால் அதை எல்லா வீக்கத்தோடும் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

நெஃப்ரிடிக்கில் கிளாமருலஸ் அழன்று அடைபடுகிறது. சிறுநீர் குறைந்து டீ டிகாக்ஷன் நிறத்தில் வரும், பிரஷர் ஏறும். நம் பக்கத்துக் கிராமங்களில் குழந்தையின் காலைப் பாருங்கள், ஆறிய சிரங்குத் தழும்பு இருக்கும். தோலில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கு 3 முதல் 6 வாரம் கழித்து இது வரும். தொண்டைத் தொற்று என்றால் 1 முதல் 3 வாரம். கிருமி சிறுநீரகத்துக்குள் புகுந்துவிட்டது என்று எழுதுவது தவறு. கிருமிக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள் கூட்டுகள் அங்கே படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. இந்தக் குழந்தைக்கு பிரஷர் பார்ப்பதை ஒரு வேளை கூடத் தவறவிடக் கூடாது. பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வரலாம்.

எரிச்சல், கல், இளநீர்

வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு என்று வருபவர்கள் எல்லோருக்கும் தொற்று இல்லை. அடர்ந்த சிறுநீரும் எரியும். அடிவயிற்று வலி, அடிக்கடி போகும் உணர்வு என்றால் சிறுநீர்ப்பை. குளிர் காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் தட்டினால் வலியும் இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. கத்தீட்டர் பையிலிருந்து கல்ச்சருக்குச் சாம்பிள் எடுக்காதீர்கள். அதில் பல மணி நேரம் கிருமி வளர்ந்திருக்கும். அறிகுறியே இல்லாதவரின் கல்ச்சரில் கிருமி வந்தால் அதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதை அறுவைக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு.

கல் இருந்தால் பால், தயிரை நிறுத்தச் சொல்வது ஊர் முழுக்கப் பரவிய தவறு. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட்தான் கூடுதலாக உள்ளே போகும். அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசரம், வலி குறைந்திருந்தாலும்.

சி.கே.டி., அதாவது நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவருக்கு வெயிலுக்கு நல்லது என்று வீட்டார் இளநீர் வாங்கி வருவார்கள். அன்புதான் காரணம். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லை. "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று சொன்னால் போதாது, இதயத் துடிப்பை அது என்ன செய்யும் என்று சொல்லுங்கள், கேட்பார்கள். பொட்டாசியம் ஏறியவருக்கு கால்சியம் குளுக்கோனேட் கொடுத்ததும் ஈ.சி.ஜி. சீராகும். பொட்டாசியம் இறங்கிவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. கால்சியம் இதயச் செல்லைக் காக்கிறது, அவ்வளவுதான். இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகின்றன, உடம்பைவிட்டு வெளியேற்றுவதில்லை. வெளியேற்றுவது டயாலிசிஸ். சில மணி நேரத்தில் எண் மறுபடி ஏன் ஏறியது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

கல்லீரலின் எண்கள்

மஞ்சள் காமாலை என்றால் கல்லீரல் நோய் என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. சிறுநீர் என்ன நிறம், மலம் என்ன நிறம் என்று கேளுங்கள். சிவப்பணு உடைந்து வரும் பிலிருபின் எனும் மஞ்சள் நிறமி அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சிறுநீரகம் அதை வடிகட்ட முடியாது. கண் மஞ்சளாக இருந்தாலும் அந்த பிலிருபின் சிறுநீரில் இறங்காது. கல்லீரல் பதப்படுத்திய பிலிருபின் நீரில் கரையும்; அது ரத்தத்துக்குத் திரும்பினால் சிறுநீர் கடுகெண்ணெய்போல் கறுக்கும். பித்தக் குழாய் அடைத்தால் குடலுக்கு நிறமே போவதில்லை, மலம் களிமண்போல் வெளுக்கும், உடம்பு அரிக்கும். பித்தம் இல்லாமல் வைட்டமின் கே உறிஞ்சப்படாததால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) கூடும், ஊசியாக வைட்டமின் கே கொடுத்தால் இறங்கும். கல்லீரல் செல்லே செத்திருந்தால் கொடுத்தும் இறங்காது.

கீழாநெல்லி கொடுத்ததால் சரியாயிற்று என்று சொல்பவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறும். அடைப்பும் கல்லீரல் செயலிழப்பும் அப்படி ஆறாது, அங்கே போகிற நாட்கள் திரும்பி வராது. அதைச் சொல்லுங்கள்.

ஏ.எல்.டி. 3000-லிருந்து 200-க்கு வந்ததைப் பார்த்து மகிழ்வதற்கு முன் ஐ.என்.ஆரைப் பாருங்கள். ஏ.எல்.டி. என்பது உடைந்த கல்லீரல் செல்லிலிருந்து கசியும் என்சைம். உடைய இனிச் செல்லே இல்லை என்றாலும் அது குறையும். ஐ.என்.ஆரும் பிலிருபினும் ஏறிக்கொண்டே ஏ.எல்.டி. இறங்கினால் அது கெட்ட செய்தி. உறையும் காரணி ஏழின் ஆயுள் சில மணி நேரம்தான், அதனால் கல்லீரல் நின்றால் ஐ.என்.ஆர். சீக்கிரமே சொல்லிவிடும். அல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள். அது இன்றைய நிலையைச் சொல்லாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் விஷத்தில் இது உயிர் விஷயம். முதல் நாள் வாந்தி நின்று, ஓரிரு நாள் நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவார். குணமாகிவிட்டார் என்று வீட்டார் கூட்டிப்போகக் கேட்பார்கள். கல்லீரல் அதற்குப் பிறகுதான் சரியத் தொடங்கும். அந்த நாட்களில் விடக் கூடாது.

சிரோசிஸில் வயிற்றில் நீர் கோப்பதற்கு "அல்புமின் குறைவு" என்று ஒரே வரியில் பதில் எழுதுவார்கள். அது துணைக் காரணம். கல்லீரல் இறுகிப் போர்ட்டல் அழுத்தம் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயின் அழுத்தம்) ஏறுகிறது. குடல் பக்கத்து ரத்தக் குழாய்கள் நைட்ரிக் ஆக்சைடால் விரிகின்றன, ரத்தம் அங்கே தங்கிவிடுகிறது. பாலாற்றில் மணலுக்கடியில் ஊற்று இருந்தும் மேலே வறண்டு கிடப்பதுபோல, உடம்பெல்லாம் நீர் இருந்தும் தமனிக்குள் ரத்தம் போதவில்லை. சிறுநீரகம் இதை நீர்ச்சத்துக் குறைவு என்றே எடுத்துக்கொண்டு, ஆல்டோஸ்டிரோன் சொல்படி சோடியத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த நீரும் வயிற்றுக்கே போய்ச் சேர்கிறது. ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் ஏன் முதல் மருந்து என்பது இப்போது புரியும். ரிப்போர்ட்டில் சோடியம் 126 என்று வந்தால் உப்பு போதவில்லை என்று நினைக்கக் கூடாது. உடம்பில் உப்பு கூடுதல், நீர் அதைவிடக் கூடுதல்.

இதே வரிசை முற்றினால் ஹெபடோரீனல் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் தமனிகள் இறுகிச் சிறுநீர் நிற்கிறது, ஆனால் சிறுநீரகத்தின் அமைப்பில் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. அதனால்தான் குடல் பக்கக் குழாய்களைச் சுருக்கும் டெர்லிப்ரெசினும் அல்புமினும் தருகிறார்கள். கல்லீரலை மாற்றினால் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும். இந்த நோயாளிக்குத் தசையும் வற்றியிருப்பதால் கிரியேட்டினின் 1.5 கூடப் பெரிய எண்.

அப்புறம் லாக்டுலோஸ், சிரோசிஸில் அம்மோனியா ஏறி மனம் குழம்பாமல் இருக்கத் தரும் மலமிளக்கி. நோயாளிக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போனதைப் பார்த்து, பேதி என்று அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 2 அல்லது 3 முறை இளகிப் போவதுதான் அந்த மருந்தின் இலக்கு. குடலில் உண்டாகும் அம்மோனியா அப்படித்தான் வெளியேறுகிறது. தண்ணீராக ஐந்தாறு முறை போனால் குறைக்க வேண்டும், நீர் வற்றினால் குழப்பம் கூடும். பருப்பு, முட்டையை நிறுத்துவதும் பழைய பழக்கம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை, தசையும் அம்மோனியாவைக் கையாளும் உறுப்பு என்பதால். சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூஸ்மைடால் பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே கூடுதலாக அம்மோனியாவை உண்டாக்கும். ஆகவே பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கும் சிரோசிஸ் நோயாளியைப் பார்த்து, "அசதி, தூங்கட்டும் விடுங்க" என்று சொல்வதற்கு முன் கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பாருங்கள். கடைசியாக எப்போது மலம் போனது, அது கறுப்பாக இருந்ததா, காய்ச்சல் உண்டா, இன்றைய பொட்டாசியம் எவ்வளவு, யாராவது தூக்க மாத்திரை கொடுத்தார்களா என்று கேட்டு, விடைகளோடு டாக்டரைக் கூப்பிடுங்கள்.