வயது போனவர்களை வெளியே கூட்டிப் போக: முதலில் திரும்பி வருகிற வழியைப் பாருங்கள்

"எனக்கு ஏலாது, நீங்கள் போட்டு வாங்கோ" என்று அம்மம்மா சொல்லும்போது வாயால் வருகிற காரணம் முழங்கால் நோ. வாயால் வராத காரணங்கள் இரண்டு: எப்படித் திரும்புவது, இடையில் சலம் (சிறுநீர்) வந்தால் எங்கே போவது. இவை இரண்டையும் தீர்த்துவிட்டுக் கூப்பிட்டால் பலர் வெளிக்கிடுவார்கள்.

சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர் ஒருவரை நிரந்தரமாகப் பிடியுங்கள். போக, வர, காத்து நிற்க எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலே காசைப் பேசிவிட வேண்டும். அவருடைய நம்பர் போனில் மட்டும் இருந்தால் போதாது. பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். அயலில் இன்னொரு வயதானவரையும் சேர்த்தால் செலவு பாதி, கதைக்கவும் ஆள். இருவர் போதும், மூவர் என்றால் நெருக்கம்.

ஓட்டோவை வாய்க்கால் ஓரத்தில் நிறுத்த விடாதீர்கள். வாசல் திட்டோடு ஒட்டி நின்றால் ஏற்றம் குறையும். சாரதிக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, குனிந்தபடியே திரும்பி இருக்க வேண்டும். கூடப் போகிறவர் மேல் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டால் தலை அடிபடாது. கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தோள்மூட்டு நோகும். உங்கள் முன்கையை நீட்டுங்கள், அவர்களே பிடிப்பார்கள். இறங்கும்போது நோகிற கால் முதலில்.

பஸ் என்றால், நடுவழியில் மறித்து ஏறுவதைவிட யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறுவது மேல். சீற் கிடைக்கும், இருந்த பிறகுதான் பஸ் வெளிக்கிடும். போதனா வைத்தியசாலை கிளினிக் முடிந்து வருபவர்களுக்கு அது நடக்கிற தூரம்தான். பள்ளிக்கூடங்கள் விடுகிற ஒன்றரை மணியைத் தவிருங்கள். பின் சீற் வேண்டாம், குலுக்கல் முதுகைப் பதம் பார்க்கும். ஏறும்போதே கொண்டக்டரிடம் இடத்தைச் சொல்லி, "ஆள் இறங்கின பிறகு எடுங்கோ தம்பி" என்றும் சொல்லிவிடுங்கள்.

சலத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவதும், சலம் போக்கும் குளிசையைத் தாமாகவே நிறுத்துவதும் வழமை. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றால் தலை சுற்றி விழலாம். குளிசை எடுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். போகிற இடத்து மலசலகூடத்தை முதல்நாளே பார்த்து வையுங்கள், குந்துகிற மாதிரியானது முழங்கால்காரருக்குச் சரிவராது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி இறங்கலாம். வியர்த்து நடுங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990-ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேருக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். கொடியேறிய முதல் வாரத்துக் காலை நேரமொன்றைப் பேசிப் பாருங்கள். திருவிழாக் காலத்தில் சுற்று வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவதால், தடுப்பிலிருந்து நடக்க வேண்டும். மடக்குக் கதிரை ஒன்று கொண்டு போனால் நல்லது. மத்தியான மணலில் வெறுங்காலோடு விடவே வேண்டாம். நீரிழிவால் கால் விறைத்தவருக்குச் சுடுவது தெரியாது, கொப்பளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

திருவிழா வருடத்துக்கு ஒருமுறை. வாசிகசாலை பின்னேரந்தோறும் திறந்திருக்கும். கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஆள் வராவிட்டால் மற்றவர்களே வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். சாய்மானம் இல்லாத வாங்கில் அரை மணிக்கு மேல் இருக்க ஏலாது, கைபிடி உள்ள கதிரை ஒன்றைக் கேட்டுப் போடுவியுங்கள்.