எரர் வராமலே தொலையும் மெசேஜ்கள்: ராபிட்எம்கியூவில் கியூ, எக்ஸ்சேஞ்ச் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணம் கட்டியவர்களுக்கு ரசீது மின்னஞ்சல் போகவில்லை என்று ஒருநாள் புகார் வந்தது. லாக்கைத் திறந்து பார்த்தேன், ஒரு எரர்கூட இல்லை. அனுப்பும் நிரல் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டதாகவே எழுதி வைத்திருந்தது. வாங்கும் நிரலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மெசேஜ்களை வாங்கி வைத்துக் கொடுப்பது ராபிட்எம்கியூ; அதில் மெசேஜ்கள் காத்திருக்கும் வரிசையான கியூ மட்டும் காலி. இரண்டு மணி நேரம் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது: அன்று காலை மாற்றிய நிரலில் ரூட்டிங் கீ, அதாவது மெசேஜோடு போகும் முகவரி, 'ஆர்டர்ஸ்.பெய்டு'; அந்தக் கீயைக் கியூவோடு இணைக்கும் பைண்டிங்கில் இருந்தது 'ஆர்டர்.பெய்டு'. ஒரே ஒரு 'ஸ்' கூடியிருந்தது. அதுவரை அனுப்பிய மெசேஜ் எதையும் மீட்க முடியவில்லை. டேட்டாபேஸிலிருந்து பட்டியல் எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி அனுப்பினோம்.

ராபிட்எம்கியூவில் நான் பார்த்த மோசமான தவறுகள் எல்லாம் இந்த வகைதான். எரர் வந்தால் திருத்திவிடலாம். சத்தமே இல்லாமல் மெசேஜ் போனால், போனதே தெரியாது. அதனால் எக்ஸ்சேஞ்சோ கியூவோ எது அமைத்தாலும் 'இந்த மெசேஜை யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அது எங்கே போகும்?' என்ற கேள்விக்கு முதலில் பதில் வைத்திருக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் எதையும் சேமித்து வைக்காது

பப்ளிஷர், அதாவது அனுப்பும் நிரல், கியூவுக்கு நேராக அனுப்புவதில்லை, எக்ஸ்சேஞ்சுக்குத்தான் அனுப்புகிறது. எக்ஸ்சேஞ்ச் தன்னிடம் உள்ள பைண்டிங்குகளைப் பார்த்து, பொருந்தும் கியூக்களில் மெசேஜைப் போடும். எதுவும் பொருந்தவில்லையென்றால் மெசேஜை அங்கேயே கைவிட்டுவிடும். இது பழுது இல்லை, ராபிட்எம்கியூ பேசும் ஏஎம்கியூபி 0-9-1 நெறிமுறை அப்படித்தான்.

'நாங்கள் பப்ளிஷர் கன்ஃபர்ம் போட்டிருக்கிறோமே' என்று பலர் நம்பிக்கையோடு சொல்வார்கள். அங்கேதான் பெரிய ஏமாற்றம். எந்தக் கியூவுக்கும் போகாத மெசேஜுக்கும் ப்ரோக்கர் (ராபிட்எம்கியூ சர்வர்) கன்ஃபர்ம், அதாவது ஒப்புதல், அனுப்பும். மெசேஜை என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன் என்பதுதான் அதன் பொருள், கியூவில் சேர்ந்துவிட்டது என்பதல்ல. அது தெரிய வேண்டுமானால் அனுப்பும்போது மேண்டேட்டரி ஃபிளாக் போட வேண்டும். அப்போது வழி கிடைக்காத மெசேஜ் கன்ஃபர்முக்கு முன்னால் பப்ளிஷருக்கே திரும்பி வரும். வருவதைப் பிடித்துக்கொள்ள நிரலில் ஒரு ஹேண்ட்லர் எழுதியிருக்க வேண்டும், அதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இன்னும் பிடித்த வழி ஆல்டர்நேட் எக்ஸ்சேஞ்ச். வழி கிடைக்காத எல்லாம் அந்த இரண்டாவது எக்ஸ்சேஞ்சுக்குப் போகும், அதில் ஒரு கியூவைக் கட்டிவிட்டால் போதும். ஆனால் அது கீயைப் பார்க்காமல், கட்டிய எல்லாக் கியூவுக்கும் அனுப்பும் ஃபேன்அவுட் வகையாக இருக்கட்டும். கீ அப்படியே பொருந்த வேண்டிய டைரக்ட் வகையாக வைத்தால் அங்கேயும் ரூட்டிங் கீ பொருந்தாமல் மெசேஜ் தொலையும்.

கீயை ஒரு வடிவத்தோடு ஒப்பிடும் டாபிக் எக்ஸ்சேஞ்சில் நட்சத்திரக் குறிக்கும் # குறிக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் சரியாக ஒரு சொல்லுக்கு. # பூஜ்யமோ அதற்கு மேலோ எத்தனை சொல்லுக்கும். 'ஆர்டர்.*' என்று கட்டினால் 'ஆர்டர்.பெய்டு' வரும், 'ஆர்டர்.பெய்டு.கார்டு' வராது. பின்னாளில் யாரோ கீயில் மூன்றாவது சொல் சேர்க்கும் அன்று அந்தக் கியூ அமைதியாகிவிடும்.

ஒரே கியூவில் இரண்டு சர்வீஸ்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத டீஃபால்ட் எக்ஸ்சேஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒவ்வொரு கியூவும் தன் பெயரையே ரூட்டிங் கீயாக வைத்துத் தானாகக் கட்டப்பட்டிருக்கும். அதனால் கியூவுக்கு நேராக அனுப்புவது போலத் தோன்றும். தொடக்கத்துக்கு அது சரி. அப்புறம் அதே மெசேஜ் இன்னொரு சர்வீஸுக்கும் வேண்டும் என்று வரும்போது, அந்த சர்வீஸையும் அதே கியூவில் கன்ஸ்யூமராக, அதாவது வாங்கும் நிரலாக, சேர்த்துவிடுகிறார்கள். இருவருக்கும் நகல் கிடைக்கும் என்று நினைப்பு. கிடைக்காது. ஒரே கியூவில் உள்ள கன்ஸ்யூமர்கள் மெசேஜ்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பாதி ரசீது போகும், பாதி கணக்கில் ஏறும். சோதனைக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்ப்பவருக்கு, ஒருமுறை வேலை செய்வது போலவும் மறுமுறை செய்யாதது போலவும் தெரியும். நகல் வேண்டுமென்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனிக் கியூ வைத்து, இரண்டையும் ஒரே எக்ஸ்சேஞ்சில் கட்ட வேண்டும்.

டியூரபிள் என்றால் பாதி வேலைதான்

கியூவை டியூரபிள் என்று அறிவித்தால், ப்ரோக்கர் அணைந்து எழும்போது கியூ இருக்கும். வழக்கமான வகையான கிளாசிக் கியூவில் உள்ளே இருந்த மெசேஜும் பிழைக்க வேண்டுமென்றால் அதை பெர்சிஸ்டென்ட்டாக, அதாவது டெலிவரி மோட் 2 என்று அனுப்பியிருக்க வேண்டும். பல நோடுகளில் (சர்வர்களில்) நகல் வைக்கும் குவோரம் கியூவில் இந்தக் கவலை இல்லை, அது எப்போதும் டிஸ்க்கில் எழுதும். 2019இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து குவோரம் கியூ இருக்கிறது. அப்படி நகல் வைக்கும் பழைய வழியான மிரர்டு கியூ 2024இல் வந்த 4.0 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து மிரர்டு கியூவுக்கான எச்ஏ பாலிசி எழுதிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

குவோரம் கியூவுக்குப் பெரும்பான்மை உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு நோடு மட்டும் வைத்துவிட்டுப் பாதுகாப்பு கூடிவிட்டது என்று நினைப்பது தப்பு. ஒன்று விழுந்தால் மீதி ஒன்று பெரும்பான்மை ஆகாது, கியூ நின்றுவிடும். மூன்றாவது வேண்டும்.

மாற்ற முடியாததை நிரலில் எழுதாதீர்கள்

இருக்கும் கியூவை வேறு அமைப்புகளோடு மறுபடி அறிவித்தால் 406 ப்ரீகண்டிஷன் ஃபெய்ல்டு என்று சொல்லி ப்ரோக்கரோடு பேசும் தடமான சேனலையே மூடிவிடும். டிடிஎல் (மெசேஜின் ஆயுட்காலம்), அதிகபட்ச நீளம் போன்றவற்றை அறிவிக்கும்போதே ஆர்க்யுமென்ட்டாக எழுதிவிட்டால் பிறகு மாற்ற, கியூவை அழித்துத்தான் உருவாக்க வேண்டும். இவற்றைப் பாலிசியில் (பெயர் பொருந்தும் கியூக்களுக்கு ப்ரோக்கரில் வைக்கும் விதியில்) வைத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: ஒரு கியூவுக்கு இரண்டு பாலிசி பொருந்தினால் இரண்டும் சேராது. முன்னுரிமை கூடியது மட்டும் எடுபடும். முன்னுரிமை கூடிய டிடிஎல் பாலிசி ஒன்றைப் புதிதாகப் போட்டதும் பழைய பாலிசியில் இருந்த டெட் லெட்டர் அமைப்பு (மறுக்கப்பட்ட, காலாவதியான மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு) போய்விடும், இதற்கும் எரர் வராது.

டெட் லெட்டர் கியூ: இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது

ஒரு மெசேஜைச் செயலாக்க முடியவில்லை. கன்ஸ்யூமர் அதை மறுத்து, மறுபடி கியூவிலேயே போடும்படி (ரீகியூ) கேட்கிறது. கியூ உடனே திரும்பக் கொடுக்கிறது. மறுபடி மறுப்பு. நொடிக்கு நூற்றுக்கணக்கில் இது சுற்றும், சிபியூ முழுவதும் அதிலேயே போகும். இதைத் தடுக்க 4.0 பதிப்பில் குவோரம் கியூவுக்கு இயல்பாகவே 20 என்று டெலிவரி எல்லை வைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டிய மெசேஜ் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். அப்படி ஒன்றை அமைக்கவில்லையென்றால் அழிக்கப்படும்.

சரி, அமைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் ஒரு சாதாரண எக்ஸ்சேஞ்ச்தான். அதில் கியூ எதுவும் கட்டாவிட்டால், முதலில் சொன்ன கதைதான். கட்டியிருந்தாலும் மெசேஜ் தன் பழைய ரூட்டிங் கீயோடுதான் அங்கே போய்ச் சேரும். டைரக்ட் எக்ஸ்சேஞ்ச் வைத்து, 'ஃபெய்ல்டு' என்ற கீயில் கியூவைக் கட்டிவிட்டு, டெட் லெட்டர் ரூட்டிங் கீ கொடுக்க மறந்தால் அங்கே எதுவுமே வராது. டெட் லெட்டர் கியூ எப்போதும் காலியாக இருப்பதைப் பார்த்து 'தோல்வியே இல்லை' என்று மகிழ்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். வேண்டுமென்றே ஒரு மெசேஜை மறுத்து, அது அங்கே வந்து விழுவதைக் கண்ணால் பாருங்கள்.

தாமதித்து மறுமுயற்சி செய்ய டிடிஎல் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று. மெசேஜுக்கு மெசேஜ் வேறு வேறு டிடிஎல் கொடுத்து ஒரே கியூவில் போடாதீர்கள். காலாவதி கியூவின் முன்னால் வரும்போதுதான் பார்க்கப்படும். முன்னால் பத்து நிமிட மெசேஜ் நின்றால் பின்னால் இருக்கும் ஐந்து வினாடி மெசேஜும் பத்து நிமிடம் காத்திருக்கும். ஒவ்வொரு தாமதத்துக்கும் தனிக் கியூ வையுங்கள்.

கன்ஸ்யூமர் பக்கம் சுருக்கமாக: ஆட்டோ ஆக் (தானாகவே ஒப்புதல்) போட்டால் கையில் கொடுத்த கணமே ப்ரோக்கர் மறந்துவிடும், கன்ஸ்யூமர் நடுவில் விழுந்தால் மெசேஜும் போச்சு. கையால் ஆக் செய்யுங்கள், வேலை முடிந்த பிறகு செய்யுங்கள். கிளையன்ட் லைப்ரரி தானாக வைக்காவிட்டால் ப்ரீஃபெட்சுக்கு (ஆக் வருமுன் ஒரு கன்ஸ்யூமருக்குக் கொடுக்கும் மெசேஜ் எண்ணிக்கைக்கு) எல்லையே இல்லை, ஒரு கன்ஸ்யூமர் மொத்தக் கியூவையும் தன் மெமரிக்கு இழுத்துக்கொண்டு மற்றவற்றைச் சும்மா நிற்க வைக்கும். கியூ நீளத்துக்கும் தானாக எல்லை கிடையாது. எல்லை வைத்தால், இயல்பாக அது பழைய மெசேஜைத்தான் முதலில் தள்ளும். புதியதை மறுக்க வேண்டுமென்றால் ரிஜெக்ட் பப்ளிஷ் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

எந்த மாற்றத்துக்குப் பிறகும் நான் செய்யும் சோதனை சின்னதுதான். 15672 போர்ட்டில் உள்ள மேலாண்மைத் திரையில் எக்ஸ்சேஞ்சைத் திறந்து, பப்ளிஷர் அனுப்பும் அதே கீயோடு ஒரு மெசேஜை அனுப்புவேன். வழி கிடைக்கவில்லையென்றால் வெளியிடப்பட்டது, ஆனால் எங்கும் போகவில்லை என்று அந்தத் திரை சொல்லிவிடும்.

அந்த ரசீது பிரச்சினைக்குப் பிறகு எல்லா எக்ஸ்சேஞ்சுக்கும் ஆல்டர்நேட் வைத்து, அதன் கியூவில் ஒரு மெசேஜ் விழுந்தாலும் எச்சரிக்கை வரும்படி செய்தோம். மூன்றாவது வாரத்தில் முதல் எச்சரிக்கை வந்தது. புதிதாகச் சேர்த்த 'ஆர்டர்.ரீஃபண்ட்' கீக்கு பைண்டிங் போட மறந்திருந்தோம். பைண்டிங் போட்டு, காத்திருந்த ஏழு மெசேஜையும் அதற்குரிய கியூவுக்கு நகர்த்தினோம்.